குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா

பிப்ரவரி 14

தம்பிக்கு,

கடிதத்தை 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் பாதி பொய்யாகிவிடும் என்பதால் அதை விட்டுவிட்டேன். இரண்டாவது பாதியை வழக்கத்துக்காக எழுதியதாக வைத்துக்கொள்.

எட்டு வருடங்களுக்கு முன் அப்பா இறந்த மறுநாள், உன் வீட்டு வாசலில் நின்று, "இனிமே உன் குரல் என் காதுல விழக் கூடாது" என்று சொன்னேன். அது இன்றும் அப்படியேதான் இருக்கிறது. இது குரல் இல்லை, காகிதம். பெரியவன் இறங்கி வந்துவிட்டான் என்று உன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருக்காதே.

விஷயம் இது. நவம்பரில் எனக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். டிசம்பரில் அறுவை சிகிச்சை செய்து சுரப்பியை எடுத்துவிட்டார்கள். "கொஞ்சம் லேட்டா வந்திருக்கீங்க" என்றார் டாக்டர். என் மகனைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார், அவ்வளவுதான். பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னார். நோய் சுரப்பியின் உறையைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே வந்திருக்கிறதாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து ஒரு எண்ணைப் பார்ப்பார்கள். எண் ஏறினால் கதிர் சிகிச்சை.

மருத்துவமனைப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா?' நான் 'இல்லை' என்று எழுதினேன். அப்பா எதில் போனார் என்று டாக்டர் கேட்டார். முதுகுவலி என்றேன். பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "முதுகுவலியில யாரும் சாக மாட்டாங்க சார்."

நான் முப்பத்தொரு வருடமாக அரசாங்கத்துக்கு லிஃப்ட் பரிசோதிக்கிறவன். கயிறு ஏன் அறுந்தது என்று கேட்டால் 'பழசாகிவிட்டது' என்று எழுதிக் கொடுப்பவனை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். என் அப்பா எதனால் செத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி ஏழு மாதம் அவர் உன் வீட்டில் இருந்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் செய்தி அனுப்பினாய். ஆகவே உன்னைக் கேட்கிறேன். அப்பாவுக்கு என்ன நோய்?

இன்னொன்று. இது குடும்பத்தில் வரக்கூடிய நோய். நீயும் போய் பி.எஸ்.ஏ. என்கிற ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள். இதை உனக்குச் சொல்வதா வேண்டாமா என்று ஆறு வாரம் யோசித்தேன். சொல்லாமல் விட்டுவிட எனக்கு ஆசையாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் நீ இதை அன்பு என்று எடுத்துக்கொள்வாய்.

உன் மனைவியின் உடம்பு, உன் மூக்குக் கண்ணாடிக் கடை எல்லாம் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
அண்ணன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

உறை மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் கடையில் இருந்த கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எந்த நம்பரிலும் அது உன் கையெழுத்தாகவே தெரிந்தது. நாங்கள் இருவரும் சுகம். அண்ணி எப்படி இருக்கிறார்கள்? கேட்டதாகச் சொல்.

படித்துவிட்டு இவள் அழுதாள். நான் கடைக்கு வந்து ஒரு லென்ஸைத் தேய்க்க உட்கார்ந்தேன். மூன்று தடவை தேய்த்தும் விளிம்பு சரியாக வரவில்லை. காத்திருந்த வாடிக்கையாளரே, "நாளைக்கு வரேன், நீங்க வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ மனதைத் தளரவிடாதே. எங்கள் தெருவுக்கு ஒரு தபால்காரர் வருவார். பதினொரு வருடத்துக்கு முன்பு அவருக்கும் இதே ஆபரேஷன். இன்னும் சைக்கிளில்தான் சுற்றுகிறார். உன்னைப் பற்றிச் சொன்னேன் (பெயர் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே). தக்காளியை வேகவைத்துச் சாப்பிடச் சொன்னார். தினமும் நாற்பது நிமிடம் நடக்க வேண்டுமாம். இடுப்புத் தசையை இறுக்கி இறுக்கி விடுகிற பயிற்சி ஒன்று இருக்கிறதாம், பேருந்தில் உட்கார்ந்துகொண்டுகூடச் செய்யலாம், பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியாது என்றார்.

நீ எழுதிய டெஸ்ட் விஷயத்தை நான் கவனித்துக்கொள்கிறேன். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வேறு என்ன? கடை வாசலில் குழாய் போடுவதற்காகச் சாலையைத் தோண்டி இரண்டு மாதமாகிறது. பலகையைப் போட்டுத் தாண்டி வருகிறார்கள். கண் சரியாகத் தெரிகிறவர்கள்தான் உள்ளே வர முடிகிறது. அவர்களுக்கு நான் எதை விற்பது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
சின்னவன்


மார்ச் 13

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீங்களும் இருப்பீர்கள்.

உன் கடிதம் நான்கு பக்கம். தபால்காரருக்கு ஒன்றரைப் பக்கம். சாலையைத் தோண்டியதற்கு முக்கால் பக்கம். அப்பாவுக்கு ஒரு வரிகூட இல்லை.

இங்கே எனக்கு இன்னொரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். 'வாழ்க்கைத் தரம்' என்று தலைப்பு. இருபத்தாறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள். 'சிரமம் இல்லை' என்பதில் தொடங்கி 'மிக அதிகம்' வரை. கடந்த நான்கு வாரங்களில் எத்தனை முறை சிறுநீர் கசிந்தது. ஒரு நாளைக்கு எத்தனை பேட் மாற்றுகிறீர்கள். தாம்பத்தியம் பற்றி ஆறு கேள்வி. எதிர்காலத்தை நினைத்துப் பயமாக இருக்கிறதா. யாரிடமாவது மனம்விட்டுப் பேச முடிகிறதா.

நான் இருபத்தாறுக்கும் 'சிரமம் இல்லை' என்று குறித்துக் கொடுத்தேன். வரவேற்பறையில் நின்றபடியே, இரண்டு நிமிடத்தில். எத்தனை கட்டிட மேலாளர்கள் இதே வேகத்தில் என் படிவங்களை நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பேனா எப்படி ஓடுகிறது என்று பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவேன். அந்தப் பெண் என் பேனாவைப் பார்க்கவில்லை. வாங்கி அடுக்கினாள்.

உனக்கு எழுத வெட்கமில்லை, ஏனென்றால் உன் முகத்தை நான் பார்க்கப் போவதில்லை. ஒரு நாளைக்கு நான்கு பேட். தும்மினால், எழுந்தால், சிரித்தால். சிரிப்பது குறைவு என்பதால் அதில் சிக்கனம். அந்த ஆறு கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே பதில்தான். அது உனக்கே தெரியும். நான் முன்னறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டேன். உன் அண்ணி என் தலையணையை உறை மாற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்பாவுக்கு என்ன நோய்? ஒரு வரி போதும்.

உன் அண்ணி சௌகரியம். மகன் சௌகரியம், வேலை செய்கிற ஊரில்தான் இருக்கிறான்.

அண்ணன்


ஏப்ரல் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, திட்டாதே. சாலையை மூடினார்கள், மறுபடி தோண்டினார்கள். இவளுக்குக் காய்ச்சல் வந்து போனது. இப்போது தேவலை. நீ எப்படி இருக்கிறாய்? பேட் குறைந்திருக்கிறதா? ஆறு மாதத்தில் குறையும் என்று தபால்காரர் சத்தியம் செய்கிறார்.

இத்துடன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். உன் கண் நம்பர் என் ரிஜிஸ்டரில் இருந்தது. நல்ல ஃபிரேம், லேசானது, காதை அழுத்தாது. அண்ணன் போட்டுக்கொள்ளட்டும் என்று இவள்தான் நிறத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

நீ கேட்பது புரிகிறது. அப்பா விஷயத்தை இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது? வயதாகிவிட்டது, முதுகு வலித்தது, படுத்தார், போய்விட்டார். போன மனிதரை நிம்மதியாக இருக்க விடுவோம். நீ உன் உடம்பைப் பார்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன்
சின்னவன்


மே 4

தம்பிக்கு,

உன் மனைவியின் காய்ச்சல் விட்டது அறிந்தேன். சந்தோஷம்.

கண்ணாடி வந்தது. போட்டுப் பார்த்தேன், எல்லாம் கலங்கலாகத் தெரிகிறது. எட்டு வருடத்துக்கு முந்தைய கண்ணுக்கு அனுப்பியிருக்கிறாய்.

உனக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். போன மாதம் பதினோரு மாடிக் கட்டிடம் ஒன்று. வருடாந்திரப் பரிசோதனை. மொட்டை மாடியில் மெஷின் அறை, கீழே குழி, நடுவில் ஒவ்வொரு தளமாக நிறுத்திப் பார்க்க வேண்டும். இரண்டரை மணி நேர வேலை. இப்போதெல்லாம் எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் முதலில் கழிப்பறை எங்கே என்றுதான் பார்க்கிறேன். அங்கே தரைத்தளத்தில் மட்டும்தான் ஒன்று இருந்தது. நான் மேலே இருந்தேன். மோட்டார் பக்கம் குனிந்தேன். அவ்வளவுதான். பேட்டும் தாங்கவில்லை. கால்சட்டை முழங்கால் வரை நனைந்துவிட்டது.

லிஃப்ட் கம்பெனியின் மெக்கானிக் ஒருவன் கூட இருந்தான். வாயாடி. காலையிலிருந்து என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவன். என்னைப் பார்த்தான். "கிரீஸ் டப்பா கவுந்துடுச்சு சார், நான்தான் கவனிக்கல. துணி தரேன், தொடச்சுக்குங்க" என்றான். அங்கே கிரீஸ் டப்பாவே இல்லை. அவன் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிரேக்கைச் சோதிக்கவில்லை. உதவிப் பொத்தானை அழுத்திப் பார்க்கவில்லை. லிஃப்டுக்குள் ஒட்டும் சான்றிதழில் 'அனைத்தும் திருப்தி' என்று கையெழுத்துப் போட்டு அவன் கையில் கொடுத்துவிட்டு, டாக்ஸி சீட்டில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். முப்பத்தொரு வருடத்தில் பார்க்காமல் போட்ட ஒரே கையெழுத்து.

நான்கு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கட்டிடத்தில் ஆறாவது மாடியில் சக்கர நாற்காலியில் ஒரு பெண்மணி இருக்கிறார். ஐந்தாவது நாள் திரும்பிப் போனேன். மெக்கானிக் மெஷின் அறைக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டான். பிரேக் சரியாக இருந்தது. உதவிப் பொத்தானை அழுத்தினேன். எங்கேயோ மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

இது உனக்குத் தெரியாது. பரிசோதனையில் அதிகம் தோற்பது கயிறும் இல்லை, பிரேக்கும் இல்லை. இந்தப் பொத்தான்தான். கட்டிடக்காரர்கள் மணியை வைப்பார்கள், எடுக்க ஆளை வைக்க மாட்டார்கள். என் சான்றிதழை நானே கிழித்து லிஃப்டை இரண்டு நாள் மூடினேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர், "போன வாரம் சரியா இருந்தது, இந்த வாரம் எப்படிக் கெட்டுப்போச்சு?" என்று கத்தினார். அலுவலகத்தில் மேசை வேலைக்கு எழுதிக் கொடுத்தேன். மறுநாளே தந்துவிட்டார்கள். ஒருவராவது ஏன் என்று கேட்பார் என்று நினைத்தேன்.

உனக்கு எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த மணிதான் ஞாபகம் வருகிறது. அப்பாவுக்கு என்ன நோய்?

அண்ணன்


ஜூன் 12

தம்பிக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நீங்கள் இருவரும் நலமாக இருப்பதால்தான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

மேசை வேலை நன்றாக இருக்கிறது. எட்டடியில் கழிப்பறை. மற்றவர்கள் பார்த்துவிட்டு வந்ததை நான் பதிந்துவைக்கிறேன்.

உன் அண்ணி வற்புறுத்தி மருத்துவமனையில் மனநல ஆலோசகரிடம் அனுப்பினாள். நாற்பது வயது இருக்கும், சாந்தமான முகம். என் கேள்வித்தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எல்லாத்துக்கும் சிரமம் இல்லைன்னு போட்டிருக்கீங்க. அப்புறம் ஏன் சார் வந்தீங்க?"

"என் மனைவிக்குச் சிரமமாம்."

"உங்களுக்கு யார்கிட்டயாவது பேசணும்னு தோணுதா?"

"தோணுது. அவன் பதில் எழுத மாட்டேங்கறான்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் வரச் சொன்னார். வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நோயை எடுத்துட்டாங்க, கோபத்தை எடுக்க மறந்துட்டாங்க. அதுக்கும் ஒரு ஆபரேஷன் இருக்கான்னு கேட்டுட்டு வந்திருக்கலாமே" என்றாள். என் பேட்களையும் அந்தத் துணிகளோடு சேர்த்து அலமாரியில் அடுக்கினாள். என் அலமாரியில் இல்லை, அவள் அலமாரியில். மகன் திடீரென்று வந்தால் கண்ணில் படக் கூடாது என்று.

நான் படித்தவன். 'கிளறி என்ன ஆகப்போகிறது' என்று எழுதுகிறவன் எதையோ புதைத்தவன் என்று எனக்குத் தெரியும். இந்தக் கேள்வியைக் கடைசியாகக் கேட்கிறேன். பதில் வராவிட்டால் அதையே பதிலாகக் கோப்பில் சேர்த்துவிடுவேன்.

அண்ணன்


ஜூலை 1

அண்ணா,

நலம் விசாரிக்கிற தகுதி இன்றைக்கு எனக்கு இல்லை. மூன்று காகிதம் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே முதுகெலும்புக்குப் போய்விட்டது. முதுகுவலி என்று உனக்குச் சொன்னது பொய்யில்லை. உண்மையும் இல்லை.

முதல் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது டாக்ஸியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரியவனுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். ஏன்ப்பா என்றேன். "அவன் என்னைப் பார்க்க வர மாட்டான்டா, பரிசோதிக்க வருவான். மூத்திரக் குழாயைத் தூக்கிப் பார்த்து, இதை ஏன் இப்படி மாட்டினீங்கன்னு நர்ஸைத் திட்டுவான். எனக்கு அதைத் தாங்கற தெம்பு இல்ல" என்றார். இந்த வாக்கியம் உன் காதுக்குப் போகக் கூடாது என்றுதான் இத்தனை நாள் மழுப்பினேன். நீ விடவில்லை.

ஏழு மாதம் நான்தான் அந்த மூத்திரப் பையை மாற்றினேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். மாற்றி முடித்ததும், "போய்ட்டியா?" என்று கேட்பார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "போய்ட்டேன்ப்பா" என்பேன். அப்புறம்தான் திரும்புவார். கடைசி வாரம் உனக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன். தலையை ஆட்டி மறுத்தார். அவர் போன மறுநாள் நீ வந்து வாசலில் நின்று கத்தியபோது எல்லாம் தொண்டை வரை வந்தது. நீ என் குரலே வேண்டாம் என்றாய். அப்போது எனக்குக் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. அதைத்தான் எழுத முடியாமல் காகிதம் கிழித்தேன். அப்பாவைப் பார்த்த டாக்டர் என்னிடம், "பிள்ளைங்க வருஷா வருஷம் ரத்தம் குடுத்துப் பாத்துக்கணும்" என்றார். பிள்ளைங்க என்றுதான் சொன்னார். நான் ஒவ்வொரு ஜூலையும் கொடுக்கிறேன். இதுவரை எட்டு முறை. எல்லாம் சரியாகவே இருந்தது. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வரும் வழியில் உனக்கு எழுத வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். எழுதினால் நீ அப்பாவைப் பற்றிக் கேட்பாய். கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்குவதற்குள் அந்த நினைப்பு போய்விடும். போகவிட்டேன்.

அண்ணியிடம் எதுவும் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

சின்னவன்


ஜூலை 5

கடிதம் கிடைத்தது.

எட்டு முறை. அந்த எட்டு ஜூலையில் ஏதாவது ஒன்றில், ஒரு தபால் அட்டையில், நான்கு வார்த்தை போதும். 'அண்ணா, ரத்தம் கொடுத்துப் பார்.' நோய் சுரப்பியின் உறைக்குள் இருக்கும்போதே பிடித்திருப்பார்கள். சுரப்பியோடு வெட்டி எடுத்த நரம்புகளைக் காப்பாற்றியிருப்பார்கள். டாக்டரிடம் கேட்டேன், அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எனக்கு உறுதி.

அப்பா சொன்னது சரிதான். குழாயைத் தூக்கிப் பார்த்திருப்பேன். தப்பாக மாட்டியிருந்தால் திட்டியிருப்பேன். எனக்கு வேறு விதமாகப் பக்கத்தில் உட்காரத் தெரியாது. அதற்காக அவர் சாகிற விஷயம் எனக்குத் தெரியக் கூடாது என்று நீங்கள் இரண்டு பேரும் டாக்ஸியில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டீர்கள்.

இனி எழுதாதே. நலம் விசாரிக்கவும் வேண்டாம்.


ஆகஸ்ட் 22

அண்ணா,

முதலில் குரல் வேண்டாம் என்றாய். இப்போது காகிதமும் வேண்டாம் என்கிறாய். மிச்சம் இருப்பது புறாதான், அது என்னிடம் இல்லை. ஆகவே எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் செய்வேன்.

நான் செய்தது தப்பு. அதற்குச் சமாதானம் சொல்ல வரவில்லை. நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் உன் மகன் மாதம் ஒரு தடவை எனக்குப் போன் செய்வான். உனக்குத் தெரியாமல் இருக்காது. நமக்குள் நடந்ததற்கு அவன் என்ன செய்வான்? போன ஞாயிற்றுக்கிழமை பேசினான். "அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் பண்ணி எட்டு மாசம் ஆகுது சித்தப்பா. இன்னும் எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டே இருக்காரு? அம்மாவைக் கேட்டா பேச்சை மாத்தறாங்க" என்றான். அப்பாவையே கேளேன் என்றேன்.

"கேட்டேன். முதுகுவலிங்கறாரு."

முதுகுவலி, அண்ணா.

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வேறு நோயே உனக்குக் கிடைக்கவில்லையா?

உனக்குப் பிப்ரவரியில் என்னை எச்சரிக்க மனம் வந்தது. ஆறு வாரம் யோசித்தாலும் எழுதினாய், உன் தம்பிக்கு, நீ வெறுக்கிற தம்பிக்கு. பெற்ற பிள்ளைக்குச் சொல்ல இந்த ஆகஸ்ட் வரை மனம் வரவில்லை. நீ எந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாய்?

அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இந்த வீட்டில் இன்னொரு வாக்கை என்னால் சுமக்க முடியாது. அக்டோபர் முடிகிற வரை பார்ப்பேன். நீ சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன். இந்தத் தடவை யார் கையைப் பிடித்துக்கொண்டாலும் சொல்லிவிடுவேன்.

அண்ணியைக் கேட்டேன் என்று சொல்.

சின்னவன்


அக்டோபர் 17

தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பீர்கள். உன் கெடுவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. வேலை முடிந்துவிட்டது என்று தெரிவிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

செப்டம்பரில் எடுத்த ரத்தத்தில் எண் ஏறிவிட்டது. முப்பத்து மூன்று நாள் கதிர் சிகிச்சை, திங்கள் முதல் வெள்ளி வரை. பதினான்கு நாள் ஆகிவிட்டது. வலி இல்லை. ஒரு நிபந்தனை இருக்கிறது: சிறுநீர்ப் பை நிறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் குடலில் கதிர் படாதாம். முக்கால் லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு அப்படியே அடக்கிக்கொண்டு படுங்கள் என்கிறார்கள். பிடித்துவைக்க முடியாதவனிடம். அங்கே வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஐந்தாறு பேரும் இப்படித்தான். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் தினமும் என்னைப் பார்த்து, "என்ன சார், இன்னிக்குத் தாங்குமா?" என்கிறார். நான், "உங்களுக்கு?" என்கிறேன். பத்து மாதத்தில் நான் வேறு யாரோடும் இவ்வளவு பேசியதில்லை.

மகன் நான்கு நாள் விடுப்பில் வந்தான். இரண்டாவது நாள் காலை சாப்பாட்டு மேசையில் அவன் முன்னால் மருத்துவமனைப் படிவத்தை வைத்தேன். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்ற இடத்தில் 'இல்லை' என்பதை அடித்துவிட்டு 'தந்தைக்கு இருந்தது' என்று எழுதியிருந்தேன். வாயால் சொல்ல வரவில்லை. அவன் இரண்டு தடவை படித்தான்.

"எப்போலேர்ந்துப்பா?"

"நவம்பர்."

"நான் வரட்டுமான்னு கேட்டேனே. சின்ன ஆபரேஷன், லீவை வீணாக்காதேன்னீங்க."

"உன் வேலை கெடக் கூடாதுன்னுதான்."

"தாத்தாவுக்கு இருந்தது சித்தப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உங்களுக்கு?"

"ஜூலையில தெரிஞ்சுது."

"அதுக்கப்புறம் ஒரு மூணு மாசம்" என்றான். அவன் கணக்குப் போட்ட விதம் என்னுடையது. அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குத் தெரிந்த வேலை, பதிலுக்குக் கத்தியிருப்பேன். படிவத்தை மடித்துத் தண்ணீர் டம்ளருக்கு அடியில் வைத்தான். மத்தியானம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான், இரண்டு நாள் மிச்சம் இருக்கும்போதே. அவன் வாசலில் நின்றபோது எனக்கு உன் வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. நான் சொன்ன மாதிரி ஒரு வாக்கியம் அவன் சொல்லவில்லை. "உடம்பைப் பாத்துக்குங்க" என்றான், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்கிற மாதிரி. ஒன்பது நாள் ஆகிறது. போன் இல்லை.

உனக்குக் கூப்பிடுவான். கூப்பிட்டால் என் சார்பாக எதுவும் பேசாதே. நாற்பது வயதில் அவன் இந்தப் பரிசோதனையைத் தொடங்க வேண்டுமாம், அதற்கு இன்னும் பன்னிரண்டு வருடம் இருக்கிறது. அப்போது நான் இருப்பேனா தெரியாது. நீ இருப்பாய். அந்த வருடம் ஜூலையில் நீ ரத்தம் கொடுக்கப் போகும்போது அவனையும் கூட அழைத்துப் போ. அந்தப் பழக்கம் உனக்கு இருக்கிறது.

உன்னை நான் மன்னிக்கவில்லை. அப்பாவையும் மன்னிக்கவில்லை. நேற்று அந்த இருபத்தாறு கேள்விகளை மறுபடி கொடுத்தார்கள். இந்தத் தடவை உட்கார்ந்து நிரப்பினேன். ஒரு மணி நேரம் ஆனது. ஆலோசகர் படித்துவிட்டு, "இப்போதான் வந்திருக்கீங்க" என்றார்.

அங்கிருந்து அலுவலகம் போய், உன் பழைய நம்பரை அழுத்திப் பார்த்தேன். அப்படி ஒரு நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. புது நம்பர் உன் அண்ணியிடம் இருக்கும், மகனிடம் நிச்சயம் இருக்கும். அவர்களிடம் கேட்க மாட்டேன். நீ எழுதி அனுப்பு. பேசப்போகிறேன் என்று கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருக்காதே. அழுத்தினால் மறுமுனையில் யாராவது எடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன்